இறங்காத கை

அந்தச் சட்டமன்றத்தில் வலது கையைத் தூக்கி ஓட்டுப் போடுவது வழக்கம். ஆம்ப்ரோஸ் கீட்டிங்குக்கு வலது கை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டு பட்ட அதை, ஓர் ஓடைக்கரையில் வைத்து ராணுவ மருத்துவர்கள் அறுத்தெடுத்து அங்கேயே புதைத்துவிட்டார்கள். அதனால் அவர் மட்டும் இடது கையைத் தூக்கலாம் என்று அவை அனுமதித்திருந்தது.

அன்றைய மசோதா, அதே ஓடைக்கரையை உழவுக்குத் திறந்துவிடுவது. கறுத்த மண், எதைப் போட்டாலும் விளையும். அவரை ஜெயிக்கவைத்தவர்கள் விவசாயிகள். அவரும் விவசாயிதான்.

"ஆதரிப்பவர்கள்?" என்றார் அவைத்தலைவர். ஆம்ப்ரோஸ் இடது கையைத் தூக்கி இறக்கினார்.

"எதிர்ப்பவர்கள்?"

வலது தோள் இழுத்தது. இல்லாத முழங்கை நிமிர்ந்தது, விரல்கள் விரிந்தன. அவர் திடுக்கிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தார்.

"நான் எதுக்குக் கை தூக்கினேன்?"

"ஆதரிச்சுத்தான். பாத்தேனே."

"அப்ப இது?"

ஊசி குத்தி மடித்திருந்த சட்டைக்கை அசையாமல் கிடந்தது. பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மசோதா ஒரே ஓட்டில் நிறைவேறியது.

வசந்தத்தில் அங்கே முதலில் ஏர் பூட்டியவர் ஆம்ப்ரோஸ்தான். குதிரையின் கடிவாளக் கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடது கையால் மேழியை அழுத்தினார். ஓடையை நெருங்கியபோது, அன்று தூக்கி இன்னும் இறங்காத கையின் விரல்களில் சில்லென்று ஏரின் இரும்பு பட்டது. அவர் குதிரைக்குக் குரல் கொடுக்கவில்லை. கயிறு தானாக இறுகியது.

குதிரை நின்றது.