விளக்கு வைக்காத வீடு

வேன் நின்ற பிறகா இறங்கினாள் நாகஜோதி? உருளும்போதே குதித்துவிட்டாள்.

தேனி மில்லில் ஷிப்டு முடிந்து ஊர் வந்து சேரும்போது பாதி நாள் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருக்கும். இன்றைக்குக் கார்த்திகை மாசம் முதல் நாள். குமுளி போகிற ஐயப்பசாமி வண்டிகள் வீரபாண்டியிலிருந்தே ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. சின்னமனூர் வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

பையிலிருந்து தூக்குவாளியை உருவிக்கொண்டு ஓடினாள்.

தெருவில் வாசலுக்கு வாசல் அகல் எரிந்தது. மற்றவர்களுக்கு அது அழகு. நாகஜோதியோ ஒவ்வொரு விளக்கைக் கண்டதும் ஓட்டத்தை இன்னும் கூட்டினாள்.

விளக்கு வைத்தபிறகு அந்த ஊரில் யாரும் பால் கொடுக்க மாட்டார்கள். லட்சுமி வாசல் தாண்டிப் போய்விடுவாளாம். காலில் விழுந்தாலும் "காலையில வா ஆத்தா"தான்.

காலையில் எங்கே வர? மாடு கறப்பதற்கு முன்பே மில் வேன் வந்து ஹாரன் அடித்துவிடும். புருஷன் கேரளாவில், ஏலத்தோட்ட வேலையில். வீட்டில் இருக்கிற மாமனார் சுருளியாண்டிக்குக் கண் மங்கல். பேத்தியைப் பார்த்துக்கொள்கிறாரே, அதுவே பெரிய புண்ணியம்.

மகள் ஓவியாவுக்கு நாலு வயசு. படுத்தால் "காலு வலிக்குதும்மா" என்று அழுவாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கால்சியம் பத்தலை என்றார். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, கேப்பை, முருங்கைக்கீரை, பால் என்று சொன்னார்.

கேப்பைக்கூழ் இறங்கியது. கீரையைத் துப்பினாள். பால்தான் பெரும்பாடு. பாக்கெட் பால், டின் பவுடர், ஆட்டுப்பால், எதைக் கொண்டுபோனாலும் வாயை இறுக்கிக்கொண்டாள் மகராசி.

கடைசியில் தெருக்கோடி அனுசுயா வீட்டு மாட்டுப்பாலைக் காய்ச்சிக் கொடுத்தபோது, டம்ளரைக் கவிழ்த்து நக்கினாள். இது என்ன கூத்து என்று நாகஜோதி டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

"எல்லாப் பாலும் நல்ல பால்தாம்மா. உங்க பிள்ளை எதைக் குடிக்குதோ, உங்களுக்கு அதுதான் ஒசத்தி."

இப்போதெல்லாம் ஓவியா அழாமல் தூங்குகிறாள். அந்தத் தூக்கத்துக்காகத்தான் தினமும் இந்த ஓட்டம்.

ஓடிவந்தும் நேரத்துக்கு வந்தது எத்தனை நாள்? பாதி நாள் இருட்டிவிடும். ஆனாலும் பால் கிடைத்துவிடும். காரணம், அனுசுயாவின் மறதி. ஊரே விளக்கு வைத்தாலும் அவள் வைத்திருக்க மாட்டாள். "அவுகளுக்கு விடிஞ்சாத்தான் விளக்கு நெனப்பு வரும்" என்று எதிர்வீட்டுச் சங்கிலியம்மாள் கேலி பேசுவாள், தெருவே சிரிக்கும். நாகஜோதி மட்டும் அந்த மறதி நூறு வருசம் நல்லா இருக்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்திக்கொள்வாள்.

இன்றைக்கு அந்த மறதி எப்படி வரும்? காலையில்தான் அனுசுயாவின் புருஷன் தங்கப்பாண்டியன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். மாலை போட்டவரைப் பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சாயங்காலம் குளித்து, விளக்கேற்றி, சரணம் சொன்ன பிறகுதான் அவர் வாயில் பச்சைத்தண்ணீர் படும். அந்த வீட்டிலா இருட்டு இருக்கும்?

இருந்தது.

படியில் அகல்கள் வரிசையாக இருந்தன. எண்ணெய் ஊற்றி, திரி போட்டு எல்லாம் தயார். ஒன்றுகூட எரியவில்லை. வீட்டுக்குள் பல்பும் போடவில்லை.

அனுசுயா இருட்டிலேயே வந்து, எதுவும் கேட்காமல் தூக்குவாளியை வாங்கிப் பாலை ஊற்றினாள்.

"இன்னும் விளக்கு வைக்கலையாக்கா?"

"மறந்துபோச்சுடி. நின்னு பேசாத, பிள்ளை பசியாக் கெடக்கும். ஓடு."

அட, இன்றைக்கும் மறதியா! நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. நாலு எட்டு வைத்திருப்பாள். பின்னால் வீட்டுக்குள்ளிருந்து அனுசுயாவின் குரல் கேட்டது.

"சாமி, பிள்ளைக்குப் பாலு போயிருச்சு. இனி விளக்க ஏத்துங்க."

திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியே தெருவிளக்கு வெளிச்சம் கொஞ்சம் உள்ளே விழுந்தது. கழுத்தில் புது மாலையோடு, குளித்த ஈரம் எப்போதோ காய்ந்துபோய், இருட்டில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் தங்கப்பாண்டியன்.

"போயிருச்சா? நல்லது, நல்லது. வழக்கமா வர்ற நேரத்துக்கு வேன் சத்தத்தையே காணோமேன்னு எனக்குப் பக்குபக்குன்னு இருந்துச்சு."

மறதியாம், மறதி!

நாகஜோதிக்கு அழுகை வந்துவிட்டது. பால் தளும்பாமல் தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். உள்ளே தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.