ஹார்டு வைக்கும் மருமகள்

"மறுபடியும் ஹார்டா?"

ராஜராஜேஸ்வரி கேட்டாள். மருமகள் காந்திமதி டி.வி. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள்.

ஈசி, நார்மல், ஹார்டு என்று திரையில் விளையாட்டின் மூன்று நிலைகள் இருந்தன. காந்திமதி யோசிக்காமல் ஹார்டை அமுக்கினாள்.

"ஈசிய வச்சா கௌரவம் கொறஞ்சிருமாக்கும்?"

"ஈசி எனக்குச் சரிப்படாது அத்தே."

தீபாவளி லீவுக்குப் பெங்களூரிலிருந்து பேட்டைக்கு வந்த மகனும் மருமகளும், பலகாரப் பெட்டியோடு வீடியோ கேமையும் கொண்டு வந்திருந்தார்கள். கண்ட்ரோலர் ஒன்றுதான். அதனால் ஒரு விதி. ஆட்டத்தில் செத்தால் அடுத்தவர் கைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"நல்ல நாளும் பொழுதுமா செத்தான், கித்தான்னு சொல்லாதீங்க. அவுட்டுன்னு சொல்லுங்க" என்று முதல் நாளே விதியைத் திருத்தியவள் ராஜராஜேஸ்வரி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சும்மா வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தவள்தான்.

ஆனால் விளையாட்டில் கோட்டை வாசலில் நிற்கும் பாறை அரக்கன் அவளைப் பிடித்துக்கொண்டான். அவனை ஒரு தடவையாவது சாய்த்துவிட வேண்டும். இன்று சாயங்காலம் பிள்ளைகளுக்கு ரயில். அரக்கனும் பெட்டிக்குள் போய்விடுவான்.

திரையில் அரக்கன் காலைத் தூக்கினான். காந்திமதி நேரே அவன் காலடியில் போய் நின்றாள். ஒரே மிதி.

"அவுட்டா?" பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகன் சிவசண்முகம் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"சொன்னா கேட்டாத்தானே? அகங்காரம்!" என்றபடி ராஜராஜேஸ்வரி கண்ட்ரோலரைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கூச்சமே இல்லாமல் ஈசியை அமுக்கினாள்.

அடுக்களையிலிருந்து கணவர் கைலாசம் குரல் கொடுத்தார். "ஏளா, ஆட்டோ வந்துரும். பிள்ளைகளுக்குப் புளியோதரை கட்டலையா?"

"நீங்க கட்டுங்க. நான் இங்கன சண்டையில இருக்கேன்லா!"

அரக்கன் அடித்தான். ராஜராஜேஸ்வரி சோபாவிலேயே குனிந்தாள்.

"மூணு வாட்டி கைய ஓங்குதான். அப்புறம் மூச்சு வாங்குதான். கணக்கு அதான்... ஒண்ணு... ரெண்டு..."

மூன்று முடிந்ததும் பாய்ந்து ஒரு போடு போட்டாள். பாறை பாறையாக உதிர்ந்து விழுந்தான் அரக்கன்.

"ஏங்க! இங்கன ஓடி வாங்க! விழுந்துட்டான்!"

கைலாசம் கரண்டியோடு வந்து நின்றார். திரையில் வாணவேடிக்கை. அவர் மனைவி அதையும் மிஞ்சிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. வாசலில் ராஜராஜேஸ்வரி மருமகளின் கன்னத்தைத் தடவினாள்.

"வருத்தப்படாத பிள்ளே. பொங்கலுக்கு வா. ஈசியில எப்படி ஆடணும்னு நான் சொல்லித் தாரேன். அந்தத் தலைக்கனத்த மட்டும் விட்டுரு."

"சரி அத்தே."

ஆட்டோ ஈரடுக்குப் பாலத்தில் ஏறியதும் சிவசண்முகத்துக்கு அடக்கிவைத்த சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பெங்களூர்ல அந்த அரக்கன ஹார்டுலயே பேசிக்கிட்டே சாய்ப்பே. இங்கன வந்து அவன் காலுக்கடியில போயி நிக்கியே!"

"நான் சாய்ச்சுக்கிட்டே இருந்தா கண்ட்ரோலர் அத்தை கைக்கு எப்ப வரும்?"

"அப்போ ஈசிய வச்சே தோத்திருக்கலாம்லா? அம்மாகிட்ட அகங்காரம் பிடிச்சவளுன்னு பேராவது வாங்காம இருந்திருப்பே."

காந்திமதி பாலத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கணக்கு டீச்சர்லா அவங்க? ஈசியில தோத்தா, விட்டுக்கொடுக்கேன்னு கண்டுபிடிச்சிருவாங்க."