கிளம்பின இடம்

பெலிக்ஸ் தன் கையால் மாற்றிச் செய்த ட்ரோனை ஒளிப்பதிவாளர் தயாபரன் காலால் ஒதுக்கினார். "காயலான் சாமான். கம்பெனி ட்ரோனை எடு. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருமா?" போன படத்தில் பெலிக்ஸ் எடுத்த ஷாட்டுக்கு விருது வாங்கியவர் அவர்.

ஓடும் படகிலிருந்து கம்பெனி ட்ரோன் பறந்தது. செட் கப்பலை ஒரு தடவைதான் கொளுத்த முடியும். அது எரிந்ததெல்லாம் ட்ரோனுக்குள் இருந்த கார்டில் பதிவானது. பேட்டரி குறைந்ததும் ட்ரோன் தானாகத் திரும்பி, படகைவிட்டு விலகிப் போனது.

"எங்கடா போகுது?"

"கிளம்பின இடத்துக்கு சார். என்னோடதுன்னா படகைத் தேடி வந்திருக்கும்."

படகு அந்த இடத்தைக் கடந்து கால்மணி நேரமாகியிருந்தது. வெறும் தண்ணீர்மேல் ட்ரோன் பதவிசாக இறங்கத் தொடங்கியது.

"நிறுத்துடா."

ரிமோட்டில், இறங்குவதை நிறுத்தும் பொத்தான் மேல்தான் பெலிக்ஸின் கட்டைவிரல் இருந்தது. அவன் அழுத்தவில்லை.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா சார் எனக்குத் தெரிஞ்சிரப் போகுது."