வாஷ்பேசின் சொன்ன பெயர்

லாரி ஓட்டும் காசிராஜன் இளவயதிலிருந்தே புகையிலை போடுபவன். அவன் மனைவி பூரணம் வெற்றிலையைக்கூடத் தொட்டதில்லை. வீட்டில் புதிதாக வைத்த வாஷ்பேசின், காலையில் கொப்பளிக்கும் எச்சிலில் உள்ள நொதிகளைப் பார்த்து வாய்ப்புற்று வருமா என்று ஆள் பெயரோடு சொல்லிவிடும். காசிராஜன் தினமும் பயந்துகொண்டேதான் அதன் முன்னால் குனிவான்.

ஒரு நாள் அது, "பூரணம் அம்மா, நொதி அளவு கூடியிருக்கு. இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றது.

"ஏட்டி, அது நான் துப்புனது! ஆள மாத்திச் சொல்லுது" என்று காசிராஜன் பதறினான்.

ஆஸ்பத்திரியில் இருவருடைய எச்சிலையும் மறுபடி சோதித்தார்கள். பூரணத்துக்குத்தான். உடைந்த கடைவாய்ப்பல் ஒன்று அவள் நாக்கின் ஓரத்தை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கண்ணுக்குப் புண்கூடத் தெரியவில்லை.

"இது பரவுற வகை இல்லம்மா. நாக்கோரத்துல கடுகளவு சதைய எடுத்தாப் போதும்" என்றார் டாக்டர்.

காசிராஜன் வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். "எனக்கு வரவேண்டியதுட்டி."

"ஒங்களுக்கு வந்திருந்தா மட்டும் நான் சிரிச்சுட்டு இருப்பேனாக்கும்?" என்றாள் பூரணம்.

அன்றோடு அவன் புகையிலையை விட்டான். அவள் நாக்கு ஆறும்வரை அவனே கஞ்சி காய்ச்சினான். அவனும் அதையே குடித்தான். நொதி அளவு இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தான். பூரணம் ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உப்பு காணாது. புளியும் கூடிப்போச்சு."

காசிராஜன் சிரித்துக்கொண்டே உப்பு எடுக்க எழுந்தான்.