பயிற்சி என்று சொல்லாத செய்தி

அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருந்த தன்னார்வலர்கள் அன்று காலை வெள்ளப் பயிற்சி நடத்தினார்கள். எந்தச் செய்தியையும் "இது பயிற்சி" என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் நிஜ ஆபத்து என்று அர்த்தம். கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

"இது பயிற்சி. படகு ரெடிக்கா. தண்ணிதான் இன்னும் வரல," என்றார் படகுக்காரர்.

"இது பயிற்சி. அது உன்கிட்ட கேட்டுட்டா வரும்?"

அடுத்து ஒலித்தது அவள் கணவரின் குரல். போன வெள்ளத்தில் பள்ளிக்கூட மாடியிலிருந்து ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்தவர் அவர்.

"பள்ளிக்கூட மாடியில இருக்கேன். தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. படகு அனுப்பு."

பயிற்சி என்று அவர் சொல்லவில்லை.

"எனக்கும் கேட்டுச்சுக்கா," என்றார் படகுக்காரர். "கிளம்பறேன்."

படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். சிறிது நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து பேசினார்.

"வந்துட்டேன்கா. தரையெல்லாம் காய்ஞ்சு கெடக்கு. மாடியில யாரையும் காணோம்."

"ஏறிப் பாரு தம்பி. என்னங்க, ஆள் வந்தாச்சு. தெரியுதா?"

"தெரியறாரு," என்றார் கணவர். "தண்ணிக்கு அடியில நடந்து வர்றாரு. மூச்சு தாங்காது. திரும்பிப் போகச் சொல்லு."

"அப்போ நீங்க?"

"முதல்ல அவரை அனுப்பும்மா."

அவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"தம்பி, படகைத் திருப்பு."