பட்டம் விடும் மனிதர்

"மூட்டு வலிக்கு ஜுமோவியா மாத்திரை எழுதிக் கொடுங்க டாக்டரம்மா. ஒரு மாசத்துக்கு."

நாற்காலியில் உட்காரும் முன்பே ஆர்விள் டிபெட்ஸ் சொல்லிவிட்டார். வயது எழுபத்திரண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அந்த மஞ்சள் பஸ்ஸோடு சேர்ந்து அவருடைய இரண்டு முழங்கால்களும் ஓய்வு பெற்றுவிட்டன. மார்பு வரை தாடி, புருவம் வரை தொப்பி.

டாக்டர் லெனோர் விட்கம் பேனாவைக் கீழே வைத்தார். இந்த வாரத்தில் இவர் ஐந்தாவது ஆள். நோயாளிகள் நோயைச் சொல்லிக்கொண்டு வருவார்கள் என்றுதான் அவருக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஒரேகான் கடற்கரையில் உள்ள இந்தச் சின்ன ஊருக்கு வந்த ஒரு வருஷமாக, எல்லோரும் மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள்.

"டிவியில பார்த்தீங்களா?"

"ஆமா. 'உங்கள் டாக்டரைக் கேளுங்கள்'னு சொன்னாங்க. கேட்டுட்டேன்."

"அந்தப் பட்டம் விடுற விளம்பரம்தானே?"

"அதேதான்! கையில மாத்திரை டப்பாவோட ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு, சிவப்புப் பட்டத்தைத் தூக்கிக்கிட்டு என்னமா ஓடுறான் அந்த ஆளு! மணல்ல, நாய்க்குச் சமமா!"

"பக்கவிளைவுன்னு மூச்சு விடாம ஒருத்தர் வாசிக்கிறாரே, அதைக் கேட்டீங்களா?"

"அதை யாரு கேப்பா? 'மரணம்'னு அவரு சொல்ற நேரத்துல நாய் அலைக்குள்ள குதிக்குது. பிஸ்கட்னு பேரு அதுக்கு. தங்கமான நாய்."

"நாய்க்குப் பேரெல்லாமா சொல்றாங்க?"

ஆர்விள் தாடியைச் சொறிந்தார்.

மேஜை மேல் ஒரு மனு கிடந்தது. டிவியில் மருந்து விளம்பரங்களைத் தடை செய்யக் கேட்டு லெனோரே எழுதியது. இதுவரை நாற்பத்தொரு கையெழுத்து. போன குளிர்காலத்தில் ஹெட்டி லார்சன் என்ற நோயாளியின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு விளம்பர மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். பத்தே நாளில் ஹெட்டிக்கு வயிற்றில் ரத்தம் கசிந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்தவர் டாக்டரைத் திட்டவில்லை. நன்றி சொல்லிப் பூங்கொத்து கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று லெனோருக்கு இன்றைக்கும் தோன்றும்.

"ஆர்விள், இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுறீங்க. அதோட இதுவும் சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியும். உயிருக்கே ஆபத்து. போன வருஷம் ஒருத்தருக்கு..."

"ஹெட்டிதானே? ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குறீங்க?"

"ஹெட்டி சாப்பிட்டது வேற மாத்திரை. அந்த விளம்பரத்துல நாயே கிடையாது." ஆர்விள் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க கொடுக்கலைன்னா மூணு மணிக்குப் பக்கத்து ஊர் டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன். அவரு கேட்டதைக் கொடுப்பாராம்."

லெனோர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. இவரை இப்படியே அனுப்பினால் அடுத்தபடி ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டியிருக்கும். உண்மையிலேயே பயமாக இருந்தது அவருக்கு.

"எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

"மறுபடி ஒரு தடவை ஓடணும், டாக்டரம்மா. அவ்வளவுதான்." சொல்லும்போது கிழவரின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

லெனோர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாருங்க. அது அத்தனையும் வேஷம். எந்தத் தீவுல கொண்டு போய் எடுத்தாங்களோ..."

"தீவா? தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். கால் விறைச்சுப் போகும்."

"சரி, எங்கேயோ. அந்த ஆளு காசுக்குச் சிரிக்கிறவன். அவனுக்கு முழங்கால் வலியே இருந்திருக்காது."

"இருந்துச்சு. ரெண்டு கால்லயும்."

"அந்த மாத்திரையை அவன் கண்ணால கூடப் பார்த்திருக்க மாட்டான்!"

"அது வாஸ்தவம். பார்க்கலை."

லெனோர் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளியே காத்திருப்பு அறை டிவியில் அந்தப் பட்டப் பாட்டு ஆரம்பித்தது. ஆர்விள் தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலை பளபளத்தது. இரண்டு கையாலும் தாடியை மறைத்துக்கொண்டு, முன்பல் இடைவெளி தெரியச் சிரித்தார். கதவுக் கண்ணாடி வழியாக டிவியைப் பார்த்த லெனோருக்கு, அங்கேயும் அதே சிரிப்புத் தெரிந்தது.

"டிவியில தெரியுற தலைமுடி மட்டும் கம்பெனி மாட்டிவிட்டது," என்றார் ஆர்விள் கூச்சத்தோடு. "தாடி அப்புறம் வளர்த்தது. ஊர்ல கேலி பண்ணுவாங்களேன்னு."

லெனோருக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. "அப்போ எல்லாம் பொய்னு உங்களை விட வேற யாருக்குத் தெரியும்? இந்த மனுவுல முதல் கையெழுத்தே உங்களோடதா இருந்திருக்கணும்!" என்று மனுவையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினார்.

ஆர்விள் மனுவை ஓரமாக நகர்த்திவிட்டு, ரகசியம் சொல்வது போலக் குனிந்தார்.

"மூணு நாள் படம் பிடிச்சாங்க, டாக்டரம்மா, வலியே தெரியலை. வெறும் காலி டப்பாவைக் கையில கொடுத்ததுக்கே அந்த ஓட்டம் ஓடியிருக்கேன்னா, உள்ளே மாத்திரையும் இருந்தா எப்படி ஓடுவேன்னு யோசிச்சுப் பாருங்க!"