நெல்லைப் போல ஒரு புல்

நெல் நட்ட வயலில் பச்சைத்தண்டுக் களை ஒன்றும் சிவப்புத்தண்டுக் களை ஒன்றும் அருகருகே முளைத்திருந்தன. மறுநாள் களையெடுப்பு என்று தெரிந்ததிலிருந்து சிவப்புக்கு ஒரே நடுக்கம்.

"நடுங்கி என்ன ஆகப்போகுது? உங்க கூட்டத்தை வருஷா வருஷம் பிடுங்கித்தான் எறியறாங்க," என்றது பச்சை. "எங்களைப் பாரு. அச்சு அசல் நெல்லு மாதிரியே இருக்கக் கத்துக்கிட்டோம். பத்துத் தலைமுறையா எங்க மேல ஒரு கை பட்டதில்லை. பிழைக்க மூளை வேணும்டி."

"எனக்கும் சொல்லிக்கொடேன், அக்கா."

"அதெல்லாம் சொல்லி வராது."

காலையில் பெண்கள் வயலில் இறங்கினார்கள். "இந்தத் தடவை செந்தண்டு நெல்லு நட்டது நல்லதாப் போச்சு, மாரியக்கா," என்றாள் ஒருத்தி. "பச்சையா நிக்கிறதையெல்லாம் யோசிக்காமப் பிடுங்கலாம்."

பச்சை அப்போதுதான் சுற்றிலும் பார்த்தது. வயல் முழுக்கச் சிவப்புத் தண்டுகள். அதற்குள் ஒரு கை அதன் அடித்தண்டைப் பற்றிவிட்டது.

"ஏய், நீ மட்டும் எப்படிடி தப்பிச்சே? யார் சொல்லிக்கொடுத்தா?" என்று பதறியது.

"யாரும் சொல்லலையே அக்கா. நான் பிறந்ததே இப்படித்தான்."

வேர் மண்ணைவிட்டுக் கழன்றது.

"நானும் அப்படித்தான்டி," என்றது பச்சை.